தேர்வு எளிதாகிவிட்டதா? – வாசகர் கேள்வி பதில்

2008-ல் பிளஸ் டூ கணிதத்தில் 200-க்கு 148 வாங்கினேன். அதற்கே ஊரில் பாராட்டினார்கள். இப்போது அக்கா மகன் 100-க்கு 93. தாள் அவ்வளவு எளிதாகிவிட்டதா?
– வாசகர், தாராபுரம்

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஒரு மதிப்பெண் வினா 40. ஆறு மதிப்பெண்ணில் 16 கொடுத்து 10 கேட்டார்கள். பத்து மதிப்பெண்ணிலும் அதே 16-க்கு 10. இன்றைக்கு எழுத்துத்தேர்வு 90-க்குத்தான்: ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, மூன்று மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழு, ஐந்து மதிப்பெண்ணில் ஏழும் ‘அல்லது’ போட்டு. மீதி 10 அகமதிப்பீடு, பள்ளியே போடுவது.

அக்கா மகனுக்கு அந்தப் பத்தும் முழுசாக விழுந்திருந்தால், தாளில் அவன் எடுத்தது 90-க்கு 83. அதாவது 92 சதவீதம். அகமதிப்பீட்டால் அவனுக்கு ஏறியது ஒரு சதவீதம்கூட இல்லை. மேல்வரிசைப் பிள்ளைக்கு அந்தப் பத்தால் பெரிய லாபம் கிடையாது. லாபமெல்லாம் கீழ்வரிசைக்குத்தான். அன்று தேர்ச்சிக்கு 200-க்கு 70 வேண்டும். முழுக்க எழுதியே எடுக்க வேண்டும். இன்று 90-க்கு 25 எழுதினால் அகமதிப்பீட்டோடு சேர்ந்து 35 ஆகிவிடும். 35 சதவீதம் எழுத வேண்டிய இடத்தில் 28 சதவீதம் போதும். ஆக, கணிதத்தில் ‘பாஸ்’ எளிதாகியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

நூறு அப்படியல்ல. உங்கள் காலத்தில் ‘ப்ளூ பிரிண்ட்’ இருந்தது. எந்த இயலிலிருந்து எத்தனை வினா வரும் என்று முன்கூட்டியே தெரியும். பதினாறுக்குப் பத்து என்ற தாராளத்தையும் சேர்த்துக்கொண்டு, பிடிக்காத இயலை மூடிவைத்துவிட்டே நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் உண்டு. புதிய பாடத்திட்டத்தோடு அது போய்விட்டது. 30-ஆம் வினாவும் 40-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள்; பயிற்சிக் கணக்கை அப்படியே கேட்காமல் எண்ணையோ கோணத்தையோ மாற்றிக் கேட்கும் இடம் பெரும்பாலும் அதுதான். நெட்டுருப் போட்டவன் அங்கே நிற்பான்.

பிளஸ் டூ தேர்ச்சி 2012-ல் 86.7 சதவீதம், 2025-ல் 95.03. இதுவே போதாதா?
– வாசகி, தேனி

போதாது. 2021-ல் தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50, பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டில் 30 சதவீதம் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அதை எளிய தேர்வு என்போமா?

சதம் எடுத்தவர்கள் எண்ணிக்கையும் அப்படித்தான் ஏமாற்றும். வேதியியலில் 2024-ல் 471 பேர், 2025-ல் 3,181 பேர். அதே 2025-ல் விலங்கியல் 382-லிருந்து 36-க்கு விழுந்தது. புத்தகம் மாறவில்லை, தாளின் அமைப்பு மாறவில்லை. அந்தந்த ஆண்டு வினா எப்படி அமைந்தது, விடைக்குறிப்பு எவ்வளவு தாராளம் என்பதில்தான் இந்த ஏற்ற இறக்கம். ஓராண்டை அடுத்த ஆண்டோடு ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள்.

பழைய வினாத்தாளைக் கொடுத்து மகனைச் சோதிக்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

2019-க்கு முந்தைய 200 மதிப்பெண் தாள் வேண்டாம். பாடப்பகுதியே வேறு, படிக்காததைக் கேட்டுவிட்டு ‘கடினம்’ என்று பெயர் வைப்பீர்கள். 2020-க்குப் பிந்தைய மூன்று ஆண்டுத் தாள்களை எடுங்கள். நேரம் மூன்று மணி. படிக்கப் பத்து நிமிடம் தனியே. (2019-ல் இரண்டரை மணி நேரம்தான். அந்தத் தாளை வைத்தால் இதைக் கவனியுங்கள்.) எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினாவின் ஓரத்திலும் குறியுங்கள்: பயிற்சியில் அப்படியே இருப்பதா, எண் மட்டும் மாறியதா, புதிதா? மதிப்பெண்ணை இந்த மூன்று தலைப்பில் கூட்டுங்கள். தாள் எளிதா கடினமா என்பதை மூன்றாவது கூட்டல்தான் காட்டும்.

மகள் பத்தாம் வகுப்பு. கணிதம் சுத்தமாக வரவில்லை. தேர்வு எளிது என்கிறார்களே, 35 வாங்க வழி?
– வாசகி, பரமக்குடி

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் அகமதிப்பீடு கிடையாது, 35-ம் தாளிலிருந்தே வர வேண்டும். கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. ஒத்த முக்கோணம், தொடுகோடு, அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்த முக்கோணம் என்று வடிவியல் சில வகைகளுக்குள் அடங்கிவிடும். இங்கே மதிப்பெண் போவது பெரும்பாலும் வரையத் தெரியாமல் அல்ல: உதவிப்படம் போடாமல் நேரே வரைவது, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுத மறப்பது, வளைவரையை ஸ்கேல் வைத்துத் துண்டு துண்டாக இணைப்பது. இவற்றைத் திருத்தினாலே 16-க்கு 12 வரும்.

ஒரு மதிப்பெண் 14-ல், பாடநூல் இயல் இறுதி வினாக்களை விடைகளோடு திரும்பத் திரும்பப் போட்டால் 9 எதிர்பார்க்கலாம். 35-க்கு இன்னும் வேண்டிய 14-க்கு முதல் இயலைப் பிடியுங்கள். கார்டீசியன் பெருக்கலைச் சரிபார்ப்பது, ஒரு சார்பை அம்புக்குறி படம், அட்டவணை, வரிசைச் சோடிகள், வரைபடம் என நான்கு விதமாகக் காட்டுவது இரண்டும் ஐந்து மதிப்பெண்ணுக்கு அடிக்கடி வருபவை. விடை தவறினாலும் படிநிலைக்கு மதிப்பெண் உண்டு; அதனால் தொடங்கிய கணக்கை அடித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டு மதிப்பெண்ணில் 28-ஆம் வினாவும் ஐந்து மதிப்பெண்ணில் 42-ஆம் வினாவும் கட்டாயம். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளட்டும்.