நெறிமுறையில் ஓட்டை தேடும் வேலை

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருக்கிறேன். சேலத்தில் விடுதியில் தங்கி மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் படிக்கும் என் மகள், இணைய நெறிமுறைப் பாதுகாப்பு ஆய்வாளராக வேண்டும் என்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா? கடன் வாங்கியாவது 'எத்திகல் ஹேக்கிங்' பயிற்சியில் சேர்த்துவிடலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: வேலை உண்டு, அந்தப் பெயரில் விளம்பரம் வருவதுதான் அரிது. வலையமைப்புக் கருவிகளையும் இயங்குதளங்களையும் உருவாக்கும் நிறுவனங்களின் பாதுகாப்புக் குழுக்களிலும், பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் இத்தகையோர் இருக்கிறார்கள். தனித்து நின்று ஆலோசனை வழங்குவோரும் சிலர் உண்டு. கடன் மட்டும் வேண்டாம். அத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் பிறர் செய்த கருவிகளை இயக்கக் கற்றுத்தருகின்றன. நெறிமுறை (protocol) என்பது கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகள். இந்த ஆய்வாளரின் அன்றாட வேலையோ, அவ்விதிகளை எழுதிய ஆவணத்தைப் படித்து, அந்த விதியே எதைச் சோதிக்காமல் நம்புகிறது என்று கண்டறிவது.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தருவது டி.என்.எஸ். அதன் விதிகள் 1987-இல், இணைய விதிகளை வெளியிடும் ஆர்.எஃப்.சி. வரிசையில் 1035-ஆம் ஆவணமாக வெளிவந்தன. ஒவ்வொரு கேள்வியோடும் 16 பிட் அடையாள எண் ஒன்று செல்லும். அதே எண்ணுடன் முதலில் வரும் பதில் ஏற்கப்படும். இருக்கக்கூடிய எண்கள் 65,536 மட்டுமே என்பதால், உண்மையான பதிலை முந்திக்கொண்டு சரியான எண்ணுடன் பொய்ப் பதிலை அனுப்புபவர் வென்று, நம்மைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிடுவார். இது நிபுணர்கள் அறிந்ததுதான்; ஆனால் பொய்ப் பதில் அனுப்புபவர் ஒருமுறை தோற்றால், டி.என்.எஸ். கணினி சேமித்துவைத்த உண்மையான பதில் காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற துணிவில் இருந்தார்கள். ஒரு தளப் பெயரின் கீழ் இல்லாத துணைப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் காத்திருக்கவே வேண்டியதில்லை என்பதை டான் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2008-இல் கண்டார். அதை உடனே உலகறியச் சொல்லாமல், மென்பொருள் நிறுவனங்களிடம் முதலில் தெரிவித்தார். அவ்வாண்டு ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டன. கேள்வி புறப்படும் போர்ட் எண்ணையும் (கணினியின் வாசல் எண் போன்றது) ஊகிக்க முடியாதபடி மாற்றிக்கொண்டே இருப்பதுதான் அத்திருத்தம். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணினி அறிஞர் தம் டி.என்.எஸ். மென்பொருளில் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்திருந்தார் என்பது, பெரிய நிறுவனங்கள் கூச்சப்பட வேண்டிய செய்தி.

கவனியுங்கள்: பூட்டிவைத்த ரகசியம் எதையும் காமின்ஸ்கி திருடவில்லை. ஆர்.எஃப்.சி. ஆவணங்கள் எல்லாமே இலவசம். அவற்றை உருவாக்கும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பில் உறுப்பினர் கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் வழி நடக்கும் விவாதங்களில் விடுதி அறையிலிருந்தே தங்கள் மகளும் பங்கேற்கலாம். இன்றைய ஆவணங்களில் பாதுகாப்பு பற்றிய தனிப் பகுதி கட்டாயமாக இருக்கும். அவர் அதிலிருந்தே படிக்கத் தொடங்கட்டும். பழைய கணினிகள் இரண்டை இணைத்து, வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளால் இடையே செல்லும் தரவுப் பொட்டலங்களைப் (packets) பிரித்துப் பார்த்து, ஆவணத்தில் உள்ளபடிதான் நடக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். சி மொழி தேவை. தெளிவான ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் பழக்கம் அதைவிடத் தேவை, ஏனெனில் படிப்பவருக்குப் புரியாத கண்டுபிடிப்பை யாரும் திருத்தமாட்டார்கள்.

சோதனை எதையும் கல்லூரி வலையமைப்பில் செய்யக் கூடாது. உரிமையாளரின் அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு இழப்பீடு கோர இடமளிக்கிறது; தீய நோக்கம் நிறுவப்பட்டால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

படித்து முடித்ததும் ஆய்வாளர் பதவியே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நெட்வொர்க் பொறியாளராகச் சென்னையிலோ பெங்களூரிலோ சில ஆண்டுகள் பணியாற்றுவது நல்ல வழி. மேலே படிக்க விரும்பினால் இப்போதிருந்தே பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகட்டும். அதில் தகுதி பெற்று ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்வோருக்கு மாத உதவித்தொகை உண்டு என்பதால், கடன் சுமையும் பெருமளவு குறையும்.