ஸ்டோமா வைத்த குழந்தைக்கு எடை ஏறவில்லையா? முதலில் சோடியம் பாருங்கள்

வணக்கம் சகோதரி. 28 வாரத்தில் பிறந்த பையனுக்கு என்.இ.சி. (குடல் வீங்கி அழுகும் நோய்) வந்து, கெட்டுப்போன சிறுகுடலை வெட்டியெடுத்து ஸ்டோமா (மலம் பையில் சேரும்படி குடலை வயிற்றுக்கு வெளியே திறந்து வைப்பது) வைத்திருக்கிறார்கள், நன்றாகப் பால் குடித்தும் எடை ஏறவில்லை, பாலை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பாலில் கை வைக்க அவசரப்பட வேண்டாம். பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பதால் சொல்கிறேன்: சிறுகுடல் ஸ்டோமா வழியாகத் தண்ணீரோடு சோடியமும் நிறையப் போய்விடும். இரத்தப் பரிசோதனையில் அளவு சரியாகவே காட்டினாலும், உடம்பில் பற்றாக்குறை இருக்கலாம். சிறுநீரில் சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது ரொம்பக் குறைவாக இருந்தால் டாக்டர் சோடியம் மருந்து எழுதுவார். பல குழந்தைகளுக்கு அதிலேயே எடை ஏற ஆரம்பித்துவிடும். வீட்டு உப்பை நீங்களாகக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், ஆபத்து.

பையில் சேர்வதை அளந்து எழுதி வையுங்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மி.லி.யைத் தாண்டினால் அதிகம். 2 கிலோ குழந்தைக்கு 60 மி.லி.

அப்புறம், ஸ்டோமாவை மூடிக் குடலை மறுபடி இணைக்குமுன், அதற்குக் கீழே உள்ள குடலில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். இன்னொரு படம் எதற்கு என்று தட்டிக்கழிக்காதீர்கள். புண் ஆறும்போது தழும்பு விழுந்து குடல் சுருங்குவதுண்டு, பெரும்பாலும் பெருங்குடலில். அதைக் கவனிக்காமல் மூடினால் வயிறு உப்பி, மறுபடி ஆபரேஷன்தான்.

ஸ்டோமா கறுத்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, டயப்பர் நனையாமலே இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.