பழைய அவுட்போர்டு எஞ்சின்: கேள்வி பதில்

நாட்டுப்படகிலும் பைபர் படகிலும் மாட்டும் 8 முதல் 25 குதிரைத்திறன் வரையிலான டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றி மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று ஒரே வரியில் கேட்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபடும்.

பாம்பன்: அண்ணா, இரண்டு மாதம் கரையில் கிடந்த எஞ்சின். கயிறு இழுத்துக் கை ஓய்ந்துவிட்டது. பிளக் காய்ந்துதான் இருக்கிறது. சி.டி.ஐ. யூனிட் (பிளக்குக்குப் பொறி அனுப்பும் மின்சாரப் பெட்டி) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம், தம்பி. சோதிக்காமல் பாகம் வாங்குவதுதான் நம் கரைகளில் பணம் கரையும் வழி. முதலில் எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் சுவிட்சில் மாட்டும் கிளிப் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் எத்தனை இழுத்தாலும் பொறி வராது. பிறகு பிளக்கை அதன் வயரோடு மாட்டி, உடலை எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் தள்ளி வையுங்கள். நீலமாக, சத்தத்தோடு பொறி தெறித்தால் மின்சாரப் பக்கம் குற்றமில்லை.

பொறி வரவில்லையா? ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். உப்புக் காற்றில் அந்தச் சுவிட்ச் உள்ளே துருப்பிடித்துத் தானாகவே எஞ்சினை அணைத்து வைத்திருக்கும். இப்போது பொறி வந்தால் சின்னச் சுவிட்ச் ஒன்றோடு வேலை முடிந்தது. இது சோதனைக்கு மட்டும். அந்த வயர் இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது.

பிளக் காய்ந்திருப்பதால் எனக்கு எரிபொருள் மேல்தான் சந்தேகம். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் பழைய பெட்ரோல் பிசின் போல ஒட்டியிருக்கும். மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் சிறு துளைத் திருகை, கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பழுப்பாகப் பிறைபோல் ஏதாவது தெரிந்தால் அதுதான் உங்கள் நோய். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து எடுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட்டை எறிய வேண்டியதுதான்.

குளச்சல்: பெட்ரோலில் உடனே கிளம்புகிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் திணறி நிற்கிறது.

எஞ்சின் சூடேறும் முன் மாற்றுகிறீர்கள் என்று தோன்றுகிறது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பிளக்கை நனைத்துவிடும். சில நிமிடம் பெட்ரோலில் ஓடிச் சூடான பிறகு மாற்றுங்கள். அப்படியும் நின்றால் மண்ணெண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி ஓடிவிட்டு நிறுத்துங்கள். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலை எஞ்சின் கிளம்பாது.

இன்னொன்று: பெட்ரோலுக்கென்றே செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அழுத்த விகிதம் குறைவாக வைத்திருப்பார்கள். மற்றதில் ஊற்றினால் தட்டல் விழுந்து பிஸ்டன் கெடும்.

மணப்பாடு: ஐயா, குளிர்விக்கும் நீர் வெளியே பீய்ச்சும் துளையில் நூல்போல்தான் வருகிறது. நீர் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாகப் போட்டும் மாற்றமில்லை.

அந்தத் துளையையே முதலில் மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். இங்கே கம்பி போடலாம். மணலோ உப்புக்கட்டியோ அடைத்திருக்கும். அதில் ஒன்றும் இல்லையென்றால், கழற்றிய பழைய இம்பெல்லர் கைவசம் இருக்கிறதா? இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த ரப்பர் துண்டு நீர்க்குழாயில் எங்கோ சிக்கியிருக்கிறது. அதை எடுக்காமல் எத்தனை புதியது போட்டாலும் பயனில்லை. இம்பெல்லர் சுற்றும் கிண்ணமும் அதன் அடித்தகடும் கீறல் விழுந்திருந்தாலும் நீர் ஏறாது. கையால் தடவினால் நகத்தில் தட்டும்.

அதற்கும் மேலே தெர்மோஸ்டாட், எஞ்சின் சூட்டுக்கேற்ப நீரை விடும் வால்வு. அதைச் சுற்றியும் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளும் உப்பு சுண்ணாம்புபோல் இறுகியிருக்கும். திறக்கும்போது போல்ட்டுகளை முறுக்கி உடைத்துவிடாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு இம்மியளவு இறுக்கி, அதன் பின் தளர்த்துங்கள். ஒரு போல்ட் உடைந்தால் செலவு இம்பெல்லரைப்போல் பல மடங்கு.

கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓட்டும் பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. டிரம்மில் நீர்மட்டம் பம்புக்கு மேலே நிற்க வேண்டும். "சும்மா கொஞ்ச நேரம்" என்று வெறும் காற்றில் ஓட்டுவதுதான் இம்பெல்லரைக் கொல்கிறது.

வேதாரண்யம்: ஆயில் கூடுதலாகக் கலந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே?

இல்லை. 50:1 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் எஞ்சினுக்கு எது என்று கம்பெனி சொல்லியிருக்கிறதோ அதுதான். கூடினால் பிளக்கில் கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயில் வேண்டாம்; டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற படகு எஞ்சின் ஆயில் குறி இருக்க வேண்டும்.

பேசாலை, மன்னார்: அண்ணை, கியர் போட்டு வேகம் கூட்டினால் எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை.

புரொப்பல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது என்று நினைக்கிறேன். நடுக்குழலிலிருந்து புரொப்பல்லர் உடல் வரை பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் அதுதான். சிறிய எஞ்சினில் புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் பின் உடைந்திருக்கலாம். அதற்குப் பதில் ஆணியோ எஃகுக் கம்பியோ செருகாதீர்கள். பாறையில் பட்டால் பின் உடைய வேண்டும். அது உடையாவிட்டால் கியர் உடையும். மாற்றுப் பின் இரண்டு எப்போதும் படகில் இருக்கட்டும்.

நாகப்பட்டினம்: கியர் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறது.

சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் புரொப்பல்லர் தண்டின் சீல். அங்கே தூண்டில் நரம்பு சுற்றி வெட்டியிருக்கும். திருகு வாஷர்களையும் மாற்றுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும் வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கிவிடும்.

பழவேற்காடு: முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து எஞ்சின் கடலுக்குள் போய்விட்டது. இன்று காலைதான் எடுத்தோம். கரையில் காயவைத்திருக்கிறோம்.

காயவைக்காதீர்கள்! இப்போதே நல்ல தண்ணீரில் கழுவி, உடனே பிரிக்க முடியாவிட்டால் நல்ல தண்ணீர் டிரம்மிலேயே முழுக மூழ்கவையுங்கள். உப்பு நீரில் நனைந்த பேரிங்கும் கிராங்கும் காற்றுப் பட்டதும் சில மணி நேரத்தில் துருப்பிடிக்கும்.

வேலை தொடங்கும்போது பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கும்படி சாய்த்து, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது முட்டினாலோ மணல் நெரியும் சத்தம் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். அதை முழுதும் பிரித்தே ஆகவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கவும் கூடும். தடையில்லாமல் சுற்றினால் தண்ணீரை வடித்து, சிலிண்டர்களில் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டுச் சுற்றி, கார்புரேட்டரையும் டேங்கையும் ஹோஸையும் காலி செய்து கழுவுங்கள். மின்சார இணைப்புகளைப் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். கியர் ஆயிலையும் மாற்றுங்கள். கிளம்பியதும் டிரம்மில் ஒரு மணி நேரமாவது ஓடட்டும். அந்தச் சூட்டில்தான் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் போகும்.