எட்டு வயதுச் சிறுவன் மீது வழக்குத் தொடர முடியுமா?

கடையிலிருந்து செல்போனை எடுத்துவிட்ட எட்டு வயதுச் சிறுவனைக் காவல் நிலையத்தில் அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. நாட்டின் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவின்படி ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் எச்செயலும் குற்றமாகாது. அதற்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள், தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி அடையாத பிள்ளைக்கு 21ஆம் பிரிவு அதே பாதுகாப்பைத் தருகிறது. முதிர்ச்சி உண்டென்று கருதப்பட்டாலும், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அவனை லாக்கப்பில் வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கிடக் கூடாது, அவனிடம் பேசும் காவலர் இயன்றவரை சீருடையில் இருக்கவும் கூடாது. காக்கியைக் கண்டதும் உறைந்து போகும் பிள்ளையிடம் உண்மையைக் கேட்டறிய இயலாது அல்லவா? ஏழு என்னும் வரம்பு 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே தொடர்கிறது, ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019இல் பரிந்துரைத்த குறைந்தபட்ச வயதோ 14. நம் வரம்பும் உயர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.