மைக் அப்புறம், முதலில் அறை

கேள்வி: நானே மெட்டுப் போட்ட மூன்று பாடல்களை டெமோவாகப் பதிந்து இசையமைப்பாளர்களுக்கு அனுப்ப நினைக்கிறேன். கிடார் வாசித்துக்கொண்டே பாடுவேன். கையில் ஒரு பழைய லேப்டாப்பும் செல்போனும் இருக்கின்றன. செல்போனில் பதிந்தால் குளியலறையில் பாடுவது போலக் கேட்கிறது. சேர்த்து வைத்திருக்கும் கொஞ்சப் பணத்தை அப்படியே ஒரு நல்ல கண்டென்சர் மைக்கில் போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குளியலறைச் சத்தம் உங்கள் அறையிலிருந்து வருகிறது. செல்போன் மேல் பழி போட முடியாது. குரல் வெறும் சுவரிலும் தரையிலும் ஜன்னல் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி, வாயிலிருந்து நேராக வரும் குரலோடு சேர்ந்து மைக்குக்குள் போகிறது. கண்டென்சர் மைக்குக்குக் காது கூர்மை. அதே எதிரொலியை இன்னும் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும். கையிருப்பையெல்லாம் போட்டு மைக் வாங்கி, முதல் நாளே மனசு விட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அறையின் நடுவில் நின்று ஓங்கி ஒரு தடவை கை தட்டுங்கள். தட்டு நின்ற பிறகும் ‘ர்ர்ங்’ என்று ஒரு வால் நீள்கிறதா? அதுதான் உங்கள் பதிவில் கேட்பது. அப்புறம் வீட்டில் ஒவ்வோர் இடமாகப் போய்த் தட்டிப் பாருங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால், மெத்தை கிடக்கும் அறையில், கனத்த திரை தொங்கும் பக்கத்தில். எங்கே அந்த வால் குட்டையாக இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து பாடுங்கள். அறையின் மூலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே கீழ்ச்சுரங்கள் தேவையில்லாமல் வீங்கும்.

போர்வை கட்டுவதில் பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாடகர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் கார்டியாய்டு வகை மைக், முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்தை அவ்வளவாகக் கேட்காது. அதன் முன்பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரும் இருக்கிறது. கனமான போர்வை முதலில் தொங்க வேண்டிய இடம் உங்கள் முதுகுப்பக்கம். மெல்லிய நுரைப்பலகை, முட்டை அட்டை எல்லாம் வேண்டாம். அவை மேல்ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும், குரல் பெட்டிக்குள் அடைத்த மாதிரி ஆகும். வெளிச்சத்தத்தைப் போர்வை தடுக்காது. அதற்கு ஒரே வழி, அமைதியான நேரம் பார்த்துப் பதிவது. மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் கவனியுங்கள். செல்போனை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

அடுத்தது தூரம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும். தூரம் இரண்டு மடங்கானால் நேர்க் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிட்டே வந்தாலே பாதி அறை காணாமல் போய்விடும். ‘ப’ வரும் இடங்களில் காற்று மோதி ‘டொம்’ என்றால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், அல்லது நடுவில் ஒரு பாப் ஃபில்டர், அதாவது காற்றைத் தடுக்கும் வலைத்திரை, வையுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். முதலில் காதை மூடும் ஹெட்போன். திறந்த வகை என்றால் அதிலிருந்து கசியும் சத்தம் மைக்கில் ஏறிவிடும். அடுத்து மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக் செருகக்கூடிய சின்னதாக. மூன்றாவதாக, கண்டென்சர் அளவுக்குக் காது கூர்மையில்லாத ஒரு டைனமிக் மைக். ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் 1966இல் வந்தது, இன்றும் மேடைகளில் அதுதான் நிற்கிறது. அந்த வகை மைக்கில் கிட்ட வந்து பாடினால் அறையின் குறை அவ்வளவாகத் தெரியாது. நேரே லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி மைக்கும் மோசமில்லை, ஆனால் பின்னால் இரண்டாவது மைக் சேர்க்க நினைத்தால் சிக்கல். இன்டர்ஃபேஸைப் பழையதாகவும் வாங்கலாம், உங்கள் லேப்டாப்பின் இயங்குதளத்துக்கு அதன் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) கிடைக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள். பதிவு மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கருவி என்றால் காரேஜ்பேண்ட் இருக்கிறது. ரீப்பர் பழைய லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும், 60 நாள் பயன்படுத்திப் பார்க்கலாம்.

கிடாரையும் குரலையும் தனித்தனியாகப் பதிவதா, சேர்த்தா? தனித்தனி என்றால் திருத்துவது சுலபம். தாளம் தட்டும் மெட்ரோனோம் கிளிக்கை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு இரண்டையும் சேர்த்து ஒரு தடவை வழிகாட்டியாகப் பதியுங்கள். அதைக் கேட்டபடி கிடாரை முழுதாக வாசியுங்கள், பிறகு குரல். ஆனால் வாசித்துக்கொண்டே பாடிப் பழகியவர்களுக்குப் பிரித்தால் பாட்டில் உயிர் போய்விடுவதுண்டு. இரண்டு வழியிலும் ஒரு பல்லவி பதிந்து கேளுங்கள். சேர்த்துப் பாடியதில் உயிர் இருந்தால் நான் அதையே எடுப்பேன், சின்னச் சின்னப் பிசிறு இருந்தாலும் சரி.

கிடாருக்கு மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்தால் ‘பும் பும்’ என்று முழங்கும். கிடார் கழுத்தின் 12ஆவது கட்டைக்கு (ஃபிரெட்) எதிரில், 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவைப் பதிவுக்கும்) முன்னால் சுருதி சேருங்கள். சட்டைப் பித்தானையும் பாருங்கள்: நான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பதிந்ததில் மெல்லிய இடமெல்லாம் டக், டக் என்று கேட்டது. பித்தான் கிடாரின் பின்பலகையில் இடித்திருக்கிறது. அத்தனை டேக்கும் வீண்.

பதிவின் சத்த அளவை, அதாவது லெவலை, வைக்கும்போது பாட்டிலேயே சத்தமான இடத்தைப் பாடிப் பாருங்கள். மென்பொருளின் லெவல் முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும். மென்பொருளில் 24 பிட் தரத்தைத் தேர்ந்து பதிந்தால் குறைந்த லெவலால் நஷ்டமில்லை, பின்னால் கூட்டிக்கொள்ளலாம். 0-வைத் தொட்டு உச்சி மழுங்கிய அலையைப் பழையபடி சரிசெய்யவே முடியாது. உங்கள் குரலே ஹெட்போனில் தாமதமாக வந்து தாளம் தடுமாறினால், இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் பொத்தான் இருக்கும், அதைப் போடுங்கள். இல்லையென்றால் மென்பொருளில் பஃபரை (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிளுக்குக் குறையுங்கள்.

பதிந்த ஒலிகளை ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்கில் கை அதிகம் வைக்காதீர்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுங்கள், கொஞ்சம் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) சேருங்கள், குரலைக் கிடாருக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். கேட்பவர் தேடுவது மெட்டும் வரிகளும்தான். செல்போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள், அங்கே ஒரு சொல் புரியவில்லை என்றால் குரல் போதவில்லை என்று அர்த்தம். முன்னிசையை நீட்டாமல் சீக்கிரம் பல்லவிக்கு வந்துவிடுங்கள்.

மூலப்பதிவை வேவ் கோப்பாக இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு 320 கிலோபிட் எம்பி3 எடுங்கள். கோப்பின் பெயரில் பாட்டின் தலைப்பும் உங்கள் பெயரும் இருக்கட்டும், ‘புதிய பதிவு 7’ என்று போனால் யாருடையது என்று தேட முடியாது. மூன்றையும் ஒன்றாக ஆரம்பிக்காமல் ஒரு பாட்டை முதலில் முடித்து, இரண்டு நாள் விட்டுக் கேட்டுப் பாருங்கள். அதில் பிடிபடும் தவறுகளைத் திருத்திக்கொண்டு மற்ற இரண்டையும் தொடங்கலாம்.