மருந்து ஊற்றுமுன் நீரை அளந்து பாருங்கள்: மீன் ஒட்டுண்ணி கேள்வி பதில்

கேள்வி (கோப்பாய்): ஐயா, சீமெந்துத் தொட்டியில் திலாப்பியா வளர்க்கிறேன். உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல வெண்புள்ளி. போமலின் விட்டதும் குறைந்தது. நான்கு நாளில் திரும்பவும் வந்துவிட்டது. மருந்து பழுதா?

பதில்: மருந்தில் பழுதில்லை, தம்பி. வெண்புள்ளி ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்வரை போமலின் அதைத் தொடாது. முற்றியபின் கழன்று, தொட்டியின் அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். ஆகவே புதிய புள்ளி தோன்றாத வரை ஒருநாள் விட்டு ஒருநாள் விட வேண்டும். இடைநாளில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

கண்ணளவில் ஊற்றாதீர்கள். 10 அடி நீளம், 8 அடி அகலம், 3 அடி நீர் என்றால் ஏறத்தாழ 6,800 லீற்றர். 1,000 லீற்றருக்கு 25 மில்லிலீற்றர் வீதம் 170 மில்லிலீற்றர். போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அது மீனுக்கு நஞ்சு, தொடவே வேண்டாம். போமலின் நீரிலுள்ள ஒட்சிசனையும் குறைக்கும். காற்றூதி நிற்கக் கூடாது. ஓர் இரவு மின்சாரம் போனது. விடியும்போது என் தொட்டியில் மீன்கள் வாய் பிளந்து மிதந்தன. அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேள்வி (உரும்பிராய்): மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) மலிவு. எவ்வளவு போடலாம்?

பதில்: உங்கள் நீரின் காரத்தன்மை, அதாவது ஒரு லீற்றரில் சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்பது, தெரியாமல் நான் அளவு சொல்ல மாட்டேன். காரத்தன்மையை 100ஆல் வகுத்தால் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்று வரும். 250க்கு மேற்பட்டாலும் 2.5ஐத் தாண்டக் கூடாது, 50க்குக் குறைந்தால் போடவே கூடாது. நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறுபவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. ஆனால் மாரி மழை தொட்டியை நிரப்பியபின் அது வேறு தண்ணீர். சித்திரையில் மீனைக் காப்பாற்றிய அளவு, கார்த்திகையில் கொன்றுவிடும். ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள்.

கேள்வி (ஊர்காவற்றுறை): கடலில் கூடு போட்டுக் கொடுவா வளர்க்கிறோம். தோலில் தட்டைப் புழு. மருந்து ஊற்றினால் கடலோடு போகிறதே?

பதில்: முதலில் நல்ல தண்ணீர்தான் மருந்து, தங்கச்சி. பெரிய தாங்கியில் நன்னீர் நிரப்பிக் காற்றூதியோடு 5 முதல் 10 நிமிடம் மீனை விடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த புழுக்கள் வெளுத்து உதிர்வதைக் காண்பீர்கள். மீன் சாய்ந்தால் உடனே கடல்நீருக்கு மாற்றுங்கள். முட்டைகள் வலையில் சிக்கியிருக்கும். வலையை மாற்றி, கழற்றியதை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

கேள்வி (சாவகச்சேரி): மலக்கைற் பச்சை கிடைக்கிறது, போடலாமா?

பதில்: உண்ணும் மீனுக்கு ஒருபோதும் வேண்டாம். அதன் எச்சம் தசையில் நெடுநாள் தங்கும். புற்றுநோய் அச்சத்தால் பல நாடுகள் தடைசெய்த மருந்து அது. அந்த மீன் யாரோ ஒரு குழந்தையின் தட்டுக்குத்தான் போகிறது.