ஃப்ளூ ஊசி போடாவிட்டால் வேலை இல்லையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர்,

அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆறு மாதமாக எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் டியூட்டி. நவம்பர் 15-க்குள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டதற்குச் சான்று தர வேண்டும், தராவிட்டால் டிசம்பர் 1 முதல் சம்பளமில்லாத சஸ்பென்ஷன், அதற்குப் பிறகு வேலை நீக்கம் என்று எச்ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. மருத்துவக் காரணமோ மதக் காரணமோ சொல்லி விலக்கு வாங்கியவர்கள் ஏப்ரல் வரை மாஸ்க் போட வேண்டும். அவர்களுடைய ஐடி கார்டில் நிற ஸ்டிக்கர் வேறு ஒட்டுவார்களாம்.

நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. ஆனால் போன வருஷம் போட்டதில் மூன்று வாரம் கையைத் தூக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து முட்டை எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஊசி போட்டும் ஃப்ளூ வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெச்-1பி விசாவில் இருப்பதால் வேலை போனால் வேறு வேலை தேட எனக்கு 60 நாள்தான் கெடு. இந்த நிலையில் நான் கையை நீட்டினால் அதற்குப் பெயர் சம்மதமா? என் கணவரின் ஐடி கம்பெனி ஊசியை இலவசமாகப் போடுகிறது, போட்டாயா என்று யாரையும் கேட்பதில்லை. ஒரே ஊசிக்கு ஏன் இரண்டு நியாயம்? ஊசிக்குப் பதிலாக மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

எஸ்., ஒஹாயோ

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் வார்டுக்கு இந்த நிபந்தனை சரி என்றே நினைக்கிறேன். உங்கள் கணவரின் கம்பெனி கேட்காமல் விடுவதும் சரிதான். ஊசி ஒன்றுதான், வேலை வேறு.

மஜ்ஜை மாற்றிய நோயாளியை முதல் தடவை கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? இடுப்புப் பட்டையை ஒரு கை பிடித்திருக்கும், இன்னொரு கை முதுகைத் தாங்கியிருக்கும். அவர் தடுமாறினால் உங்கள் தோளில்தான் சாய்வார். அவர் விடும் மூச்சு உங்கள் கன்னத்தில் படும், நீங்கள் விடுவது அவர் முகத்தில் படும். அவர் உடம்பில் வெள்ளணுக்கள் கிட்டத்தட்ட இல்லாத நாட்கள் அவை. அவருக்கே ஊசி போட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை, எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் நிலையில் அந்த உடம்பு இல்லை. மாற்று சிகிச்சை முடிந்து பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் அவருக்கு ஃப்ளூ ஊசி போடுவார்கள். அதுவரை அவரைச் சுற்றி வருகிறவர்கள்தான் அவருக்குக் காப்பு. உங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் அவருக்குக் கிடையாது. அன்றைக்கு யார் டியூட்டியோ அவர் வருவார்.

“காய்ச்சல் வந்தால் லீவு போட்டுவிடுகிறேன்” என்று நீங்கள் நினைக்கலாம். அது நல்ல பழக்கம், ஆனால் இங்கே அது மட்டும் போதாது. ஃப்ளூ கிருமி உடம்பில் புகுந்து 1 முதல் 4 நாளில் அறிகுறி காட்டும். அறிகுறி தெரிவதற்குச் சுமார் ஒரு நாள் முன்பே அது மூச்சில் வெளியேறத் தொடங்கிவிடும். லேசான தொண்டைக் கரகரப்போடு முடிந்துபோகிறவர்களும் பரப்புவார்கள். ஐடி அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தானே ஊசி போட்டுக்கொள்ளலாம், வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், தள்ளி உட்காரலாம். உங்கள் நோயாளியால் இதில் ஒன்றுகூட முடியாது. இதே காரணத்தால், உங்கள் ஆஸ்பத்திரியிலேயே வீட்டிலிருந்தபடி பில் போடும் ஊழியரையும் இந்தக் கட்டாயத்தில் சேர்த்திருந்தால் அது தவறு. “எல்லோருக்கும் ஒரே விதி” என்பது எச்ஆருக்கு வசதியாக இருக்கலாம், மருத்துவக் காரணமாகாது.

ஊசி போட்டும் ஃப்ளூ வருகிறதே என்று கேட்கிறீர்கள். வரத்தான் செய்யும். அந்த வருஷத்துக் கிருமியோடு ஊசி ஓரளவு பொருந்தினால், ஃப்ளூவோடு டாக்டரிடம் போகும் நிலையை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். 2014–15 குளிர்காலத்தில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகைக் கிருமி உருமாறிவிட்டதால் அமெரிக்காவில் பலன் 19 சதவீதத்துக்கு இறங்கியது. வடகோளத்துக்கான ஊசியில் எந்தக் கிருமிகள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் முடிவு செய்கிறது, ஊசி கைக்கு வருவது செப்டம்பரில். நடுவில் கிருமி மாறிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

கட்டாயத்தை ஆதரிப்பவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரம் பிரிட்டனிலும் பிரான்ஸிலும் முதியோர் இல்லங்களில் நடந்த நான்கு ஆய்வுகள். ஊழியர்கள் ஊசி போட்ட இல்லங்களில் சாவு குறைந்தது என்று அவை சொல்லின. 2017-ல் காஸ்டோன் டி செர் தலைமையிலான குழு அந்தக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தது. ஊசியால் தடுக்கவே முடியாத அளவுக்குச் சாவுகள் தடுக்கப்பட்டதாக அவை காட்டுகின்றன என்றும், ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் சாவைத் தடுக்கக் குறைந்தது 6,000 முதல் 32,000 ஊழியர்கள் ஊசி போட வேண்டியிருக்கும் என்றும் எழுதியது. இந்த விமர்சனம் வலுவானது என்பதே என் கணிப்பு. “ஊசி போடாத ஊழியர் நோயாளியைக் கொல்கிறார்” என்ற பேச்சுக்கு அதன் பிறகு இடமில்லை. அப்படியும் உங்கள் வார்டுக்குக் கட்டாயம் சரி என்கிறேன். அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி முழுவதற்கும் சேர்த்துப் போட்ட சராசரி. வெள்ளணு இல்லாத ஒருவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்பவருக்கு அந்தச் சராசரி பொருந்தாது. நோயாளிக்குக் கிடைப்பது அரைகுறைப் பாதுகாப்புதான் என்றாலும், உங்களிடம் கேட்பது 0.5 மில்லி மருந்தும் ஒன்றிரண்டு நாள் கைவலியும்.

கட்டாயம் போட்டால் எண்ணிக்கை ஏறும், அதில் சந்தேகமில்லை. இந்த வழியை முதலில் எடுத்தது சியாட்டிலின் வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரி. ஊசி போட்டுக்கொண்ட ஊழியர்கள் அதற்கு முன் 54 சதவீதமாக இருந்தது 2005-ல் 97.6 சதவீதமானது. செயின்ட் லூயிஸின் பிஜேசி ஹெல்த்கேர் 2008-ல் செய்தபோது 25,980 ஊழியர்களில் 98.4 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். மருத்துவ விலக்குப் பெற்றவர்கள் 321 பேர், மத விலக்கு 90 பேர், வேலை இழந்தவர்கள் 8 பேர். சியாட்டில் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நர்ஸ்கள் சங்கம் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நடுவரிடம் போய், பேச்சுவார்த்தை இல்லாமல் நிர்வாகம் தானாக இப்படி ஒரு விதி போட முடியாது என்று ஜெயித்தது. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உங்கள் ஆஸ்பத்திரியில் யூனியன் இருந்தால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

ஸ்டிக்கர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வந்து, அவரும் கிருமியைப் பரப்பக்கூடும் என்றால், போடாதவர் மூக்கை மட்டும் மூடுவதில் என்ன லாபம்? கனடாவின் ஒன்டாரியோவில் இப்படி “ஊசி அல்லது மாஸ்க்” என்று விதித்த ஆஸ்பத்திரிகள் 2015-லும் 2018-லும் நடுவர் தீர்ப்பில் தோற்றன. அந்த மாஸ்க்கால் நோயாளிக்குப் பாதுகாப்பு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள் நடுவர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2012-ல் கொண்டுவந்த இதே விதியை 2019-ல் கைவிட்டது. உங்கள் வார்டில் மாஸ்க் தேவை என்றால் குளிர்காலம் முழுக்க எல்லோரும் போட வேண்டும், ஊசி போட்ட தலைமை மருத்துவர் உட்பட. சிலரைச் சுட்டிக்காட்டும் ஸ்டிக்கர் வெறும் தண்டனை. ஒருவருடைய உடல்நிலையையோ மதத்தையோ வார்டு முழுக்க ஊகிக்க வைப்பதும் அதே ஸ்டிக்கர்தான். கார்டில் எதுவும் ஒட்டாமல் மேலதிகாரிக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று எழுதிக் கேளுங்கள்.

மெயிலில் ஊசி இருக்கிறது, கெடு இருக்கிறது. நோய் விடுப்பைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? என் மனசு கொதிப்பது இந்த இடத்தில்தான். தனியார் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தர வேண்டும் என்று பொதுவாக அமெரிக்க அரசின் சட்டம் எதுவும் சொல்லவில்லை. பல ஆஸ்பத்திரிகளில் முன்கூட்டிச் சொல்லாத ஒவ்வொரு லீவுக்கும் ஒரு புள்ளி விழும், புள்ளிகள் சேர்ந்தால் எச்சரிக்கை, பிறகு வேலை நீக்கம். காலை ஐந்து மணிக்கு உடம்பு அனலாகக் கொதிக்கும் நர்ஸ் என்ன செய்வார்? டைலினால் என்ற காய்ச்சல் மாத்திரை இரண்டைப் போட்டுக்கொண்டு வருவார். ஊசியால் கிடைக்கும் பாதிக் காப்பையும் இந்தப் புள்ளி முறை அழித்துவிடும். காய்ச்சல் மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்த பிறகே வேலைக்கு வரலாம் என்பது பொது விதி. உங்களைப் போல மஜ்ஜை மாற்று வார்டில் இருப்பவர்களை அறிகுறி தொடங்கியதிலிருந்து 7 நாளோ அறிகுறிகள் தீரும்வரையோ, எது அதிகமோ அதுவரை அங்கே விடாமலிருப்பது நல்லது. வேறு வேலை கொடுக்கலாம், வீட்டில் இருக்கச் சொல்லலாம். அந்த நாட்களுக்குச் சம்பளம் தராத, புள்ளி போடுகிற நிர்வாகத்துக்கு உங்கள் கையைக் கேட்கும் உரிமை என் கணக்கில் இல்லை. ஊசி வண்டி ராத்திரி ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு வார்டுக்கே வர வேண்டும், டியூட்டி நேரத்திலேயே போட வேண்டும், மறுநாள் உடம்பு வலித்தால் புள்ளி விழக் கூடாது. இவற்றையெல்லாம் செய்த பிறகு கெடு வைக்கட்டும்.

சம்மதம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இல்லை, அதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேலையின் நிபந்தனை. விசாவில் இருப்பவருக்கு அந்த நிபந்தனையின் கனம் வேறு என்பதை நிர்வாகங்கள் உணர்வதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1905-ஆம் ஆண்டு ஜேக்கப்சன் தீர்ப்பை எச்ஆர் மேற்கோள் காட்டினால் மயங்காதீர்கள். அது பெரியம்மை ஊசி போடாததற்கு அரசாங்கம் விதித்த 5 டாலர் அபராதம் பற்றியது. தனியார் ஆஸ்பத்திரியின் அதிகாரம் வருவது, காரணம் சொல்லாமலே வேலையிலிருந்து நீக்கலாம் என்ற அந்த நாட்டு வேலைச் சட்டத்திலிருந்து. அதற்கு முக்கியமான தடுப்புகள் இரண்டு: உடல்நிலைக்காக 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், மத நம்பிக்கைக்காக 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம். 2023-ல் குரோஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் மத விலக்கை மறுப்பதை நிர்வாகங்களுக்குக் கடினமாக்கியிருக்கிறது. ஆனால் மத விலக்கு கேட்பவர் தன் நம்பிக்கையை எழுத வேண்டும். ஊசியால் கெடுதல்தான் அதிகம் என்று எழுதினால் அது மதமாகாது என்று 2017-லேயே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. உங்கள் கடிதத்தில் அப்படி நம்பிக்கை எதுவும் தெரியவில்லை, அந்த வழியில் போகாதீர்கள்.

முட்டைக்காக மருத்துவ விலக்கும் கிடைக்காது. 2023–24 பருவத்திலிருந்து முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் எந்த ஃப்ளூ ஊசியையும் தனி முன்னெச்சரிக்கை இல்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்லிவிட்டது. மனசு கேட்கவில்லை என்றால் முட்டையே சேராமல் தயாராகும் ஃப்ளூபிளாக், ஃப்ளூசெல்வாக்ஸ் இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். முன்பு ஃப்ளூ ஊசி போட்டு மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்த கடும் ஒவ்வாமையும், ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கியான்–பாரே என்ற நரம்பு வாதம் வந்த வரலாறும்தான் கவனத்தில் எடுக்க வேண்டியவை. அந்தக் கியான்–பாரேவும் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம், அவ்வளவுதான்.

உங்கள் தோள்வலி எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று வாரம் கை தூக்க முடியாமல் போனது மருந்தால் இருக்க வாய்ப்புக் குறைவு, ஊசி இறங்கிய இடத்தால் இருக்கலாம். தோளெலும்பின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசை தடித்திருக்கும் நடுப்பகுதியில், செங்குத்தாக இறங்க வேண்டும். அதற்கு மேலே குத்தினால் மருந்து மூட்டை ஒட்டிய நீர்ப்பைக்குள் போய் அழற்சி உண்டாகலாம். வரிசையில் நின்று அவசரமாகப் போடும் முகாம்களில் இது நடப்பதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு. ஸ்க்ரப் சட்டையின் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டுவோம். அப்படி இழுத்தால் தெரிவது தோளின் உச்சி மட்டும்தான், போடுகிறவர் தெரிகிற இடத்தில் குத்துவார். கையை முழுசாகச் சட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்களும் உட்காருங்கள், போடுகிறவரையும் உட்காரச் சொல்லுங்கள், இந்தத் தடவை மற்ற கையைக் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் தொடங்கும் இத்தகைய தோள் காயத்துக்கு அமெரிக்க அரசின் இழப்பீட்டு நிதி உண்டு. ஆனால் பொதுவாகப் பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருந்தால்தான் கிடைக்கும், உங்கள் மூன்று வாரத்துக்குப் பொருந்தாது.

ஸ்ப்ரே வேண்டாம். அதில் இருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள கிருமி. அதை எடுத்துக்கொண்டவர், கிருமி அண்டாமல் காக்கும் தனியறையில் இருக்கும் மஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் 7 நாள் போகக் கூடாது. ஊசியையே போட்டுக்கொள்ளுங்கள். காப்பு வர சுமார் இரண்டு வாரம் ஆகும், அதனால் நவம்பர் 15 வரை இழுக்க வேண்டாம். அக்டோபரிலேயே, அடுத்த நாள் ஆஃப் வரும்படி ஒரு ஷிஃப்ட் முடிவில் போட்டுவிட்டு, பதினைந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஸ்டிக்கரையும் புள்ளியையும் பற்றி எச்ஆருக்கு எழுதும் கடிதத்தை அதன் பிறகு அனுப்புங்கள். ஊசி போட்டவர் கேட்கும்போது தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கஷ்டம்.